பெட்சபூனின் இடக்கை: தாய்லாந்துப் பயணக் குறிப்புகள்

ஜனவரி 16, 2025, வியாழன். பாங்காக்

தாய்லாந்துக் குத்துச்சண்டை வீரர் காவ்சாய் கேலக்ஸி 1984 நவம்பர் 21 அன்று பாங்காக்கில் டொமினிக்கன் குடியரசின் யூசிபியோ எஸ்பினாலை ஆறாவது சுற்றில் வீழ்த்தி, டபிள்யூ.பி.ஏ. (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) அமைப்பின் சூப்பர் ஃபிளைவெயிட் உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார். 1991 டிசம்பரில் அதே பட்டத்தோடு மேடையை விட்டு இறங்கினார். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் 19 முறை அதைக் காத்துக்கொண்டார். அவற்றுள் 16 வெற்றிகள் நாக் அவுட் முறையில் வந்தவை. 115 பவுண்டு, அதாவது 52 கிலோவுக்குச் சற்றே மேற்பட்ட எடைதான் அந்தப் பிரிவின் உச்ச வரம்பு. அவ்வளவு சிறிய உடம்புகள் மோதும் பிரிவில் இத்தனை பேரைப் பத்து எண்ணி முடிக்கும்வரை தரையில் கிடத்திய மனிதரை, ‘தாய்லாந்தின் டைசன்’ என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அவருடைய நாட்டு மக்கள், எதிராளியின் குடலைத் துளைக்கும் இடக்கை என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரை வைத்தார்கள்.

இவ்வளவு இருந்தும், குத்துச்சண்டை பேசுகிறவர்கள் கூடும் இடத்தில் இவர் பெயர் வந்தால் ஒரு குறை உடனே சொல்லப்படுகிறது. அமெரிக்க மேடையை மிதிக்காதவர், சொந்த மண்ணில் சொந்த ரசிகர்கள் முன்னால் வசதியாக ஆண்டவர் என்பதே அது. இந்தக் குறை நியாயமானதா என்ற கேள்வி எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. அவர் பிறந்த பெட்சபூன் மாகாணத்தையும் அவர் சண்டையிட்ட சில ஊர்களையும் பார்த்துவர இந்தப் பொங்கல் விடுமுறை வாய்த்தது.

பாங்காக் இறங்கியதும் தொண்டை கரகரத்தது. ஜனவரியில் இந்த நகரத்தின் மேல் நுண்தூசு ஒரு மூடி போலக் கவிந்துவிடுகிறது. நண்பகலிலும் சூரியன் மங்கிய வட்டமாகத்தான் தெரிந்தது. விடுதி வரவேற்பறைப் பெண் நான் கேட்காமலேயே ஒரு முகக்கவசத்தை இரு கைகளாலும் நீட்டித் தலை தாழ்த்தினாள். காசு கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டாள்.

மாலையில், கால்களாலும் முழங்கால்களாலும்கூடத் தாக்கும் தாய்லாந்தின் மரபுச் சண்டைக்கலையான முவாய் தாய் நடக்கும் ராஜதம்னொன் அரங்கம். 1941-இல் பிரதமர் பிபுன்சொங்கிராம் ஆட்சியில் கட்டத் தொடங்கி, போரால் நின்றுபோய், 1945 டிசம்பர் 23 அன்று முதல் சண்டையைக் கண்ட கட்டடம் இது. கூரை அமைந்தது 1951-இல்தான். வட்டமான உள்ளரங்கில் இப்போது ஒளியமைப்பும் திரைகளும் வந்துவிட்டன. வெளிநாட்டவருக்கான நுழைவுச்சீட்டு 1,500 பாட்டில் தொடங்கியது. ஒரு பாட் அப்போது நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டரை ரூபாய். விலை அதிகம்தான். ஆனால் சண்டைக்கு முன் வீரன் மேடையின் நான்கு மூலைகளையும் சுற்றி வந்து, மண்டியிட்டு, தன் குருவை வணங்கி ஆடும் அந்த மெதுவான ஆட்டமும், அதற்கு வாசிக்கப்படும் குழலும் மத்தளமும் கைத்தாளமும் அந்தப் பணத்துக்கு ஈடு.

நான் முவாய் தாய் பார்க்கப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. காவ்சாய் இந்தக் கலையிலிருந்துதான் வந்தார். இங்கே கால் உதைக்கும் முழங்கால் இடிக்கும் நடுவர்கள் தரும் மதிப்பை வெறும் கைக்குத்துக்கு எளிதில் தருவதில்லை. இன்று மூன்றாவதாக நடந்த சண்டையில் சிவப்பு மூலை இளைஞன் நன்றாகக் குத்தினான்; நீல மூலைக்காரன் ஐந்து சுற்றும் விலாவில் உதைத்துக்கொண்டே இருந்து வென்றான். கையில் மட்டும் பலம் வைத்திருப்பவனுக்கு இந்த மேடை எவ்வளவு கஞ்சத்தனமானது என்பது கண்ணெதிரே புரிந்தது.

வெளியே வந்து நடைபாதைக் கடையில் பன்றி எலும்புச் சூப்பில் போட்ட நூடுல்ஸ், 60 பாட். பக்கத்து இருக்கைப் பெரியவர் மிளகாய்க் காடியை எனக்கு எட்டும் தூரத்தில் நகர்த்தி வைத்துவிட்டுத் தம் பாட்டில் சாப்பிட்டார்.

ஜனவரி 17, வெள்ளி. பாங்காக்கிலிருந்து பெட்சபூன்

வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து காலையில் கிளம்பிய பேருந்து சரபுரி தாண்டி 21-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறியது. இந்தச் சாலைதான் பாசக் ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி வடக்கே பெட்சபூன் மாகாணத்தின் நீளம் முழுவதும் போகிறது. இரு பக்கமும் கரும்பும் மக்காச்சோளமும். அறுவடைக்குமுன் கரும்புத் தோகையை எரிக்கும் புகை ஆங்காங்கே எழுந்து நின்றதைப் பார்த்தபோது, பாங்காக்கில் என் தொண்டையில் உட்கார்ந்தது எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு பங்கு விளங்கியது.

சைபாதானுக்கு அப்பால் பின்சக்கரம் வெடித்தது. மாற்றுச் சக்கரம் இருந்தது, அதைக் கழற்றும் கருவி இல்லை. வேறொரு வண்டி கொண்டுவந்து தரும்வரை ஒன்றரை மணி நேரம் சாலையோரப் புளியமர நிழலில் நின்றோம். யாரும் குரல் உயர்த்தவில்லை என்பதை நான் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன். நடத்துநர் அம்மா ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டுத் தண்ணீர்ப் புட்டி கொடுத்தார். கைக்குழந்தையோடு வந்த பெண்ணுக்கு ஒரு லாரி ஓட்டுநர் தம் வண்டியின் முன் இருக்கையைத் திறந்துவிட்டுத் தாம் கீழே இறங்கி நின்றார்.

அந்தத் தாமதத்தால் விசியன் புரியில் மதிய உணவுக்கு நிறுத்தினார்கள். அது பெரும் அதிர்ஷ்டமாகிவிட்டது. விசியன் புரி சுட்ட கோழிக்குத் தாய்லாந்து முழுவதும் பெயர் உண்டு. பூண்டும் மிளகும் தடவிய கோழியைப் பிளந்து, மூங்கில் குச்சியில் இறுக்கி, கரி அனலில் நெடுநேரம் வாட்டுகிறார்கள். தோல் மொறுமொறுவென்றும் உள்ளே சாறு வற்றாமலும் இருக்கிறது. தொட்டுக்கொள்ளப் புளி சேர்த்த இனிப்புக் காரச் சாறு. அரைக்கோழி 90 பாட், மூங்கில் கூடையில் ஒட்டரிசி 15, பப்பாளிக்காய்ப் பச்சடி 50. ஒட்டரிசியை விரல்களால் உருட்டித் தொட்டுச் சாப்பிடும் எனக்கு எதிரில் இருந்தவர், இடக்கையை மேசைமேல் வைக்காமல் வலக்கையால் மட்டுமே நான் சாப்பிடுவதைக் கவனித்து, தம் மனைவியிடம் ஏதோ சொல்லி நட்போடு சிரித்தார்.

பெட்சபூன் நகரத்தை இருட்டும்போது அடைந்தோம். அறை வாடகை 450 பாட். காற்று குளிர்ந்திருந்தது, தொண்டைக்கு இதமாக இருந்தது.

ஜனவரி 18, சனி. பெட்சபூன் நகரம்

இந்த மாகாணத்தில் 1959 மே 15 அன்று இரட்டையராகப் பிறந்தவர்கள் சுரா சேன்காமும் நிரோட் சேன்காமும். உலகம் அவர்களைக் காவ்சாய் கேலக்ஸி, காவ்கோர் கேலக்ஸி என்று அறிந்தது. இவர்களுக்கு முன்பே பெட்சபூன் ஓர் உலகச் சாம்பியனைத் தந்திருந்தது. முவாய் தாயிலிருந்து வந்த சேன்சக் முவாங்சுரின் 1975 ஜூலையில், தொழில்முறைக் குத்துச்சண்டையில் தம் மூன்றாவது போட்டியிலேயே டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டை மன்றம்) என்னும் மற்றோர் அமைப்பின் உலகப் பட்டத்தை வென்றார். சோளமும் புளியும் விளையும் ஒரு பள்ளத்தாக்கு ஒரே தலைமுறைக்குள் மூன்று உலகச் சாம்பியன்களைத் தந்தது என்பதை இந்த ஊர்ச் சந்தையில் நின்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

சந்தையில் எங்கு பார்த்தாலும் புளி. பெட்சபூன் இனிப்புப் புளிக்குப் பேர்போன மாகாணம், இது அறுவடைக் காலம். ஓடு உடையாத நீண்ட பழங்களைக் கொத்தாகக் கட்டி அடுக்கியிருக்கிறார்கள். கிலோ 120 பாட். கடைக்கார அம்மாள் ஒரு பழத்தை உடைத்து, நாரை உரித்து, சுளையை என் உள்ளங்கையில் வைத்தார். ரசத்துக்கும் குழம்புக்கும் கரைக்கும் புளியையே அறிந்த நாக்குக்கு அந்தப் பேரீச்சை இனிப்பு முதல் வாயில் நம்ப முடியாததாக இருந்தது. இரண்டு கிலோ வாங்கினேன். அவர் எடை போட்டபின் மேலும் ஒரு கைப்பிடி அள்ளிப் பையில் போட்டார்.

நான் தங்கிய விடுதியை நடத்தும் குடும்பத்தின் மகள் கல்லூரியில் ஆங்கிலம் படிக்கிறாள். காவ்சாயைத் தேடி வந்தேன் என்று சொன்னதும், மாலையில் தன் தாத்தாவைக் கூட்டிவந்து திண்ணையில் உட்கார வைத்தாள். எழுபத்தைந்து வயது இருக்கும், சோள வியாபாரம் செய்தவர். 1990 டிசம்பர் 9 அன்று காவ்சாய் தம் மாகாணத்துக்கே வந்து, பனாமாவின் எர்னெஸ்டோ ஃபோர்டை எதிர்த்துப் பட்டத்தைக் காத்த சண்டையை நேரில் பார்த்தவர். பேத்தி மொழிபெயர்க்கத் தாத்தா பேசினார்.

நான் வழக்கமான பெருமைப் பேச்சை எதிர்பார்த்தேன். அவரோ எழுந்து நின்று, வலக்காலை முன்வைத்து, வலக்கையை நீட்டி எதிராளியின் நெற்றியைத் தொடுவதுபோலக் காட்டினார். “எல்லாரும் இடக்கையைப் பற்றியே சொல்லுவார்கள். அந்த இடக்கைக்கு வழி செய்தது இந்த வலக்கை” என்றார். காவ்சாய் இடக்கை ஆட்டக்காரர். வலக்கையால் எதிராளியின் பார்வையை மறைத்து, அவன் கைகள் முகத்தைக் காக்க உயரும் வரையில் பொறுமையாக அழுத்திக்கொண்டே முன்னேறுவார். அவை உயர்ந்த கணத்தில் இடக்கை வயிற்றுக்குள் நேராகப் பாயும். தாடையில் விழும் குத்து ஒருவனை மயக்கமடையச் செய்யும். வயிற்றில் விழும் குத்தில் நினைவு முழுதாக இருக்கும், மூச்சு மட்டும் வராது. எழ வேண்டும் என்று அறிந்தும் எழ முடியாமல் பத்து எண்ணப்படுவதைக் கேட்டுக்கொண்டே கிடப்பது எவ்வளவு கொடியது என்று தாத்தா தம் வயிற்றைப் பிடித்துக் காட்டினார். ஃபோர்டு ஆறாவது சுற்றில் விழுந்தார்.

அவருடைய சண்டைப் பட்டியலை இந்த விளக்கத்தோடு சேர்த்து வாசித்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. 19 பாதுகாப்புகளில் முதல் இரண்டு சுற்றுகளுக்குள் முடிந்தவை இரண்டே: 1985 டிசம்பரில் பனாமாவின் எட்கர் மொன்செராட், 1989 ஜனவரியில் கொரியாவின் சாங் டே-இல். மற்ற நாக் அவுட்டுகளில் பெரும்பாலானவை ஐந்து முதல் எட்டுச் சுற்றுக்குள் வந்தவை. டைசனோடு அவரை ஒப்பிட்டவர்கள் அவருடைய பலத்தைச் சரியாகப் பார்த்தார்கள், வேலை செய்யும் முறையைப் பார்க்கவில்லை என்றே நான் கருதுகிறேன். மின்னல் வேகத்தில் முடிப்பவர் அல்லர் காவ்சாய். மரத்தின் அடியை ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டிருக்கும் விறகுவெட்டியின் பொறுமை அவருடையது.

ஜனவரி 19, ஞாயிறு. காவ் கோ

இரட்டையரில் மற்றவர் மேடைக்கு எடுத்துக்கொண்ட பெயர் இந்த மலையின் பெயர்தான். நகரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஏறினால் முகில்கள் காலுக்குக் கீழே கிடக்கின்றன. விடியற்காலையில் நான் கொண்டுவந்த மெல்லிய சட்டை போதாமல், சாலையோரம் ஹ்மொங் பழங்குடிப் பெண்ணிடம் 250 பாட்டுக்குக் கம்பளிப் போர்வை வாங்கினேன். பேரம் பேசவே தோன்றவில்லை, அவ்வளவு குளிர். முட்டைக்கோசும் ஸ்ட்ராபெரியும் விளையும் சரிவுகள், காபிக் கடைகள், பாங்காக்கிலிருந்து வந்த கார்கள். காபி 70 பாட்.

இன்று உல்லாசத் தலமாக இருக்கும் இந்த மலைத்தொடரில் 1960-களின் இறுதி முதல் 1980-களின் தொடக்கம் வரை தாய்லாந்துக் கம்யூனிஸ்ட் கட்சியின் போராளிகளுக்கும் அரசுப் படைகளுக்கும் போர் நடந்தது. பழைய பீரங்கித் தளம் அருங்காட்சியகமாகவும், மடிந்தவர்களுக்கான நினைவுச்சின்னம் உச்சியிலும் நிற்கின்றன. கீழே பள்ளத்தாக்கில் இரட்டையர் வளர்ந்த காலம் முழுவதும் மேலே இந்தச் சண்டை ஓயவில்லை. ஏழைக் கிராமத்துப் பையன்களுக்கு அந்நாளில் திருவிழா மேடைகளில் கிடைத்த சண்டைக் கூலி எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

காவ்கோரின் கதையை இங்கே சொல்வதுதான் பொருத்தம். 1988 மே 9 அன்று போர்ட்டோ ரிக்கோவின் வில்பிரடோ வாஸ்கேஸை வென்று அவர் ஒரு படி மேலான எடைப்பிரிவில், டபிள்யூ.பி.ஏ. பாண்டம்வெயிட் சாம்பியன் ஆனார். உலகக் குத்துச்சண்டை வரலாற்றில் இரட்டையர் இருவரும் உலகப் பட்டம் பெற்றது அதுவே முதல்முறை. ஆனால் மூன்றே மாதத்தில் கொரியாவின் மூன் சுங்-கிலிடம் அவர் பட்டத்தை இழந்தார். 1989 ஜூலையில் அதே மூனை வென்று மீட்டார். அவ்வாண்டு அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லூயிசிட்டோ எஸ்பினோசாவிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தார். தம்பியும் அண்ணனும் ஒரே நாளில் பிறந்து, ஒரே முகாமில் பயின்று, இருவருக்கும் மேடை வகுத்த விதி இவ்வளவு வேறாக இருந்தது.

மூன் சுங்-கிலின் பெயர் வந்தபின் காவ்சாயின் மேல் எனக்குள்ள உண்மையான ஏக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மூன் 1990 ஜனவரியில் எடை குறைத்து வந்து, காவ்சாய் ஆண்டுகொண்டிருந்த அதே சூப்பர் ஃபிளைவெயிட் பிரிவில் டபிள்யூ.பி.சி. பட்டத்தை வென்றார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒரே எடைப்பிரிவில் அந்த இரு அமைப்புகளின் பட்டங்களும் இவர்கள் இருவரிடம் இருந்தன. தன் சகோதரனிடமிருந்து பட்டத்தைப் பறித்தவனைக் காவ்சாய் எதிர்கொள்ளும் சண்டையை விடப் பெரிய சண்டை அந்நாளில் ஆசியாவில் இருந்திருக்க முடியாது. அது நடக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் டபிள்யூ.பி.சி. சாம்பியனாக இருந்த மெக்சிகோவின் நுட்பக்காரர் கில்பெர்ட்டோ ரோமனோடும் அவர் மோதவில்லை. ரோமன் 1990-இல் சாலை விபத்தில் இறந்துவிட்டார். அமெரிக்காவுக்குப் போகவில்லை என்பதைக் காவ்சாயின் குறையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. இந்த இரண்டு சண்டைகளும் நடக்காமல் போனதுதான் குறை.

ஜனவரி 20, திங்கள். சி தெப்

மாகாணத்தின் தென்கோடிக்கு வந்தேன். அகழி சூழ்ந்த பழைய நகரமான சி தெப், 2023 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. காவ் கிளாங் நொக் என்னும் மாபெரும் செம்புரைக்கல் மேடை, வெயிலில் தனியாக, ஒரு வயலின் நடுவே நிற்கிறது. இந்தப் பகுதியில் கிடைத்த பழங்கல்வெட்டுகள் பல்லவ எழுத்தில், சமஸ்கிருத மொழியில் பொறிக்கப்பட்டவை. காஞ்சிபுரத்தில் பார்த்த எழுத்தின் உறவை இவ்வளவு தொலைவில் அறிந்தபோது சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

நான் வந்த காரணம் வேறு. காவ்சாய் முவாய் தாய் ஆடிய நாள்களில் அவர் மேடைப் பெயர் ‘தாவ்தென் முவாங் சி தெப்’. இந்தப் பழைய நகரத்தின் பெயரைச் சுமந்துகொண்டுதான் அவர் உதைக்கும் முழங்காலுக்கும் இடையில் தம் கைகளைப் பழக்கினார். முவாய் தாயில் அவர் சிகரம் தொட்டவர் அல்லர். கையில் இருந்த பலத்துக்கு உரிய மேடை குத்துச்சண்டைதான் என்று கண்டு, 1980-இல் அதற்கு மாறினார். 1981-இல் சக்தா சக்சுரியிடம் புள்ளிகளில் தோற்றார். அவர் குத்துச்சண்டை வாழ்வில் தோல்வி என்று எழுதப்பட்டது அது ஒன்றுதான். அடுத்த பத்தாண்டுகளில் எவராலும் அவரை வெல்ல முடியவில்லை.

உலகப் பட்டத்துக்கான கதவு திறந்த விதமும் சொல்லத்தக்கது. தாய்லாந்துக்கு 1976 மாண்ட்ரியாலில் முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த பயாவ் பூன்தரத் பின்னர் டபிள்யூ.பி.சி. சாம்பியனாக இருந்தார். 1984 ஜூலையில் டபிள்யூ.பி.ஏ. சாம்பியனான ஜப்பானின் ஜிரோ வாதனாபே அவரோடு மோதி வென்றார். அந்தச் சண்டையை ஏற்றதற்காக டபிள்யூ.பி.ஏ. வாதனாபேயின் பட்டத்தைப் பறித்தது. காலியான அந்த இடத்துக்குத்தான் நவம்பரில் காவ்சாய் வந்தார். ஒரு தாய்லாந்து வீரரின் தோல்வியே இன்னொருவருக்கு வழி செய்தது.

வெயில் ஏறிவிட்டது. நண்பகலுக்குமேல் 33 டிகிரி. முந்தைய நாள் விடியலின் கம்பளிப் போர்வை தோளில் பாரமாகக் கிடந்தது. சுழலும் சக்கரவண்டியில் ஐஸ் போட்ட இளநீர் விற்ற சிறுவனின் தாய், நான் வியர்ப்பதைப் பார்த்துத் தம் நாற்காலியைக் காட்டினார். இளநீர் 30 பாட். இரவுப் பேருந்தில் பாங்காக் திரும்பும்போது குளிர்சாதனத்தின் கடுமையால் அந்தப் போர்வைதான் காப்பாற்றியது.

ஜனவரி 22, புதன். சமுத் சொங்கிராம்

ஒரு நாள் முழுவதும் பாங்காக்கில் காய்ச்சலோடு படுத்திருந்துவிட்டு, இன்று மினிவேனில் இங்கே வந்தேன். எல்லாரும் பார்க்க வருவது மே கிளாங் ரயில் சந்தையைத்தான். தண்டவாளத்தின்மேல் விரித்த காய்கறித் தட்டுகளை ரயில் வரும் மணியோசை கேட்டதும் இழுத்துக்கொண்டு, பந்தல்களை மடக்கி, ரயில் போனதும் மீண்டும் விரிக்கிறார்கள். இந்த ஊரின் குட்டைக் கானாங்கெளுத்தி பெயர்பெற்றது. சிறு மூங்கில் கூடையில் கழுத்தை வளைத்து அடக்கி அவித்து விற்கிறார்கள். கூடை 50 பாட். வறுத்து, மிளகாய் இறால் துவையலோடு சோற்றில் பிசைந்து சாப்பிட்டதும் காய்ச்சல் வாய்க்கு ருசி திரும்பியது.

1991 ஏப்ரல் 6 அன்று இந்தச் சிறிய கடலோர மாகாணத்தில்தான் காவ்சாய் கொரியாவின் பார்க் ஜே-சுக்கை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தினார். நூடுல்ஸ் கடைக்காரர் ஒருவரிடம் கைப்பேசி மொழிபெயர்ப்பில் கேட்டேன். அவர் அன்று பள்ளி மாணவராம். நுழைவுச்சீட்டு வாங்கக் காசில்லாமல் வெளியில் நின்று கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னார். ஐந்தாம் சுற்றில் எழுந்த இரைச்சலிலேயே முடிவு தெரிந்துவிட்டதாம். கிண்ணத்துக்கு 50 பாட் வாங்குகிறவர், பேசிக்கொண்டே என் கிண்ணத்தில் இன்னும் இரண்டு மீன் உருண்டைகளைப் போட்டார்.

சொந்த மண்ணில் வசதியாக ஆண்டவர் என்ற பேச்சுக்கு என் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். 1989 முதல் தலைநகருக்கு வெளியே அவர் பட்டத்தைக் காத்த உள்நாட்டு ஊர்களைப் பாருங்கள்: சுரின், சியாங் மாய், சுபன் புரி, பெட்சபூன், சமுத் சொங்கிராம். தலைநகரின் பெரிய அரங்குகளிலேயே இருந்திருக்கக்கூடிய உலகச் சாம்பியன் நெல்வயல் மாகாணங்களுக்குப் பட்டத்தை எடுத்துச் சென்றார். வெளிநாட்டில் அவர் ஆடியவை இன்னும் கடினமானவை. 1986 நவம்பரில் கரீபியன் கடலின் குராசாவ் தீவுக்குப் போய், பின்னாளில் தாமும் உலகச் சாம்பியனான வெனிசுலாவின் இஸ்ரயேல் கொன்ட்ரேராஸை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தினார். 1987 பிப்ரவரி 28 அன்று ஜகார்த்தாவில், இந்தோனேசியாவின் முதல் உலகச் சாம்பியனும் அந்நாட்டின் கண்மணியுமான எலியாஸ் பிக்காலை அவர் மக்கள் முன்னிலையிலேயே சந்தித்தார். உலகப் பட்டச் சண்டைகள் 15 சுற்று நடந்த காலத்தின் கடைசிக்கட்டம் அது. பதினான்காம் சுற்றில் பிக்கால் விழுந்தார். 1988-இல் சியோல், 1989-இல் யொகொஹாமா, கோபே. கென்ஜி மட்சுமுரா யொகொஹாமாவில் பன்னிரண்டு சுற்றும் தாக்குப்பிடித்தார். அவரையே மறுபடி கோபேயில் சந்தித்து, பன்னிரண்டாம் சுற்றில் முடித்துவைத்தார் காவ்சாய். சொந்தக் கூரைக்கு அடியில் பதுங்கியவர் செய்யும் காரியங்களா இவை?

எதிராளிகளின் தரமும் குறைந்ததன்று. ரஃபேல் ஒரோனோ இருமுறை டபிள்யூ.பி.சி. சாம்பியன். கிம் யோங்-காங் முன்னாள் டபிள்யூ.பி.சி. ஃபிளைவெயிட் சாம்பியன், காவ்சாயிடம் தோற்றபின் இன்னொரு உலகப் பட்டமும் வென்றார். 1991 ஜூலையில் ஐந்தாம் சுற்றில் வீழ்ந்த டேவிட் கிரிமான் அடுத்த ஆண்டே ஃபிளைவெயிட் பட்டம் பெற்றார். சொந்த நாட்டிலேயே கொங்தொரனி பயக்கரூன் எதிர்த்து வந்தார், 1988 ஜனவரியில். முவாய் தாயின் மேதை சமார்ட் பயக்கரூனின் சகோதரர் அவர். பன்னிரண்டு சுற்றும் வீழாமல் நின்று புள்ளிகளில்தான் தோற்றார்.

ஜனவரி 23, வியாழன். ஹுவா ஹின்

காலை ரயில் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். ஆனால் ஹுவா ஹின் கடற்கரைக் காற்றில் தூசு இல்லை. பல நாள்களுக்குப்பின் நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. செய்தியில், பாங்காக்கில் காற்று மோசமாகி நாளை நூற்றுக்கணக்கான பள்ளிகளை மூடுகிறார்கள் என்றார்கள்.

இங்கே பிறந்தவர் போன் கிங்பெட். 1960 ஏப்ரல் 16 அன்று பாங்காக்கின் பழைய லும்பினி அரங்கில், மன்னர் பூமிபொல் பார்த்திருக்க, அர்ஜென்டினாவின் பாஸ்குவல் பேரஸைப் பதினைந்து சுற்றுகளில் புள்ளிகளால் வென்று தாய்லாந்தின் முதல் உலகக் குத்துச்சண்டைச் சாம்பியன் ஆனவர். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய் மறுசண்டையிலும் பேரஸை வென்றார். பிறகு ஜப்பானின் ஃபைட்டிங் ஹராடாவிடம் இழந்தார், மீட்டார். அதே நாட்டின் எபிஹாராவிடம் முதல் சுற்றிலேயே இழந்தார், மீண்டும் மீட்டார். 1982-இல், நாற்பத்தேழு வயதில் மறைந்தார். கடற்கரையை ஒட்டி அவருக்குச் சிலை இருக்கிறது. யாரோ புது மல்லிகை மாலை சாத்தியிருந்தார்கள்.

சிலையருகே காலை நடைக்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். நான் எங்கெங்கே போய் வருகிறேன் என்று கேட்டுவிட்டு, “காவ்சாய் பட்டத்தை இழக்கவே இல்லை, அதனால் அவரைக் கொண்டாடுகிறீர்கள். போன் மூன்று முறை பட்டம் வென்றார். தோற்றபின் எழுந்து வருவது கடினமில்லையா?” என்றார். அவர் ஊர்ப்பற்றை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏழு ஆண்டுகள், ஒவ்வொரு நான்கைந்து மாதத்துக்கும் ஒருமுறை, உலகின் எந்த மூலையிலிருந்தோ வரும் பசித்த இளைஞனுக்கு முன்னால், இழப்பதற்கு எல்லாம் உள்ள ஒருவனாக எடையைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்பதும் கடினம்தான் என்றேன். அவர் என்னைப் பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போய் அரிசிக் கஞ்சியும் காபியும் வாங்கித் தந்தார். இருவருக்கும் 110 பாட். என்னைக் கொடுக்க விடவில்லை.

கஞ்சி சாப்பிடும்போது 1991 டிசம்பரைப் பற்றிப் பேசினோம். கடைசிச் சண்டையில் மெக்சிகோவின் அர்மாண்டோ காஸ்ட்ரோ பன்னிரண்டு சுற்றும் விழவில்லை. அந்த இடக்கையின் வேகம் குறைந்திருந்ததை ஆசிரியர் தொலைக்காட்சியில் கண்டு கவலைப்பட்டாராம். புள்ளிகளில் தெளிவாக வென்று, முப்பத்திரண்டு வயதில், பட்டம் இடுப்பிலிருக்கும்போதே காவ்சாய் விலகினார். விலகியபின் பெரும் பணம் காட்டப்பட்டதும் திரும்பி வரும் வீரர்களே குத்துச்சண்டையில் அதிகம், அவர் திரும்பவில்லை. நடிகராகவும் நகைச்சுவைக் கலைஞராகவும் தொலைக்காட்சியில் இன்னொரு வாழ்க்கை அமைத்துக்கொண்டார். 1999-இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. போன் கிங்பெட்டுக்கு அந்த இடம் 2023-இல்தான் கிடைத்தது என்பதில் மட்டும் ஆசிரியரும் நானும் ஒரே கருத்துடையவர்களாக இருந்தோம்: முதல் சாம்பியனை அவ்வளவு காலம் காக்க வைத்திருக்கக் கூடாது.